தொடர்கொலைப் படங்கள்: எங்கள் திரைப்படச் சங்கத்தின் நிலைப்பாடு

உண்மையில் நடந்த தொடர்கொலைகளைப் படமாக்கும்போதெல்லாம் ஒரு தரப்பு தடை கேட்கிறது. மறுதரப்பு படைப்புரிமை என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்கிறது. இரண்டையும் எங்கள் சங்கம் ஏற்கவில்லை.

தடை கூடாது என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே ஆதாரம். தொடர்கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது குறித்த வழக்கில், நீதிமன்றப் பதிவுகள் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதைச் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்ற விலக்கும் அதே தீர்ப்பில் உண்டு. உரிமை பேசுவோர் இந்தப் பகுதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

நல்ல முன்மாதிரி, தென்கொரியாவின் ஹ்வாசொங் கொலைகளை வைத்து போங் ஜூன்-ஹோ 2003இல் எடுத்த ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’. சந்தேகப்பட்ட இளைஞனின் காலணியைக் கொண்டு சேற்றில் பொய்த் தடம் பதிக்கிறார்கள் படத்தின் போலீஸார். அடித்து வாக்குமூலம் வாங்குகிறார்கள். படம் வெளியானபோது, அந்தக் கொலைகளில் ஒன்றுக்காக நிரபராதி ஒருவர் உண்மையிலேயே சிறையில் இருந்தார். 2019இல் டிஎன்ஏ சோதனை உண்மைக் குற்றவாளியைக் காட்டியது. சுமார் 20 ஆண்டு சிறையில் கழித்த அந்த மனிதர் குற்றமற்றவர் என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொலைகாரனோ, படத்தைப் பார்த்தும் தனக்கு எந்த உணர்வும் ஏற்படவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னான். அவனுடைய மனத்தைவிட விசாரணையின் லட்சணத்தைக் காட்டியதில்தான் படத்தின் பெறுமதி இருக்கிறது.

எனவே படைப்பாளிகளிடம் நாங்கள் கேட்பவை:

1. இறந்தவர்களின் பெயரையும் அடையாளத்தையும் மாற்றுங்கள். படப்பிடிப்புக்கு முன்பே குடும்பத்தினருக்குச் சொல்லுங்கள். அனுமதி வாங்கியே ஆகவேண்டும் என்று நாங்கள் கோரவில்லை. போஸ்டரைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

2. நீதிமன்றம் விடுவித்தவரைக் கொலைகாரனாகக் காட்டாதீர்கள். ‘யாவும் கற்பனையே’ என்ற ஒற்றை வரி அந்தப் பழியைத் துடைக்காது.

3. கொலைகாரனுக்கு மாஸ் அறிமுகமும் பஞ்ச் வசனமும் வேண்டாம்.

இவற்றை மீறும் படத்துக்குத் தடை கேட்டு நாங்கள் நீதிமன்றம் போகமாட்டோம். எங்கள் அரங்கில் திரையிடவும் மாட்டோம். டிக்கெட் எடுக்கும் முன் இதே மூன்றையும் கேட்டுப் பாருங்கள் என்பதே ரசிகர்களுக்கு எங்கள் வேண்டுகோள்.