எம்ஜிபிக்கு எதுக்குங்க 17 இன்ச்?

ஆபீஸ்ல பக்கத்து சீட் வெள்ளைக்காரர் 1971 எம்ஜிபி வெச்சிருக்கார். இங்கிலாந்துல ஆபிங்டன்ல 1962ல இருந்து 1980 வரைக்கும் செஞ்ச குட்டி ஸ்போர்ட்ஸ் கார். பழைய கம்பிச் சக்கரத்தைக் கழட்டிட்டு 17 இன்ச் அலாய் மாட்டப் போறாராம். கேட்டதுல இருந்து மனசே சரியில்லை மக்களே :(

கம்பெனி குடுத்தது 14 இன்ச். பின்னாடி லீஃப் ஸ்பிரிங், முன்னாடி அந்தக் காலத்து ஷாக் அப்சார்பர். குழியில விழுற அடியில பாதியை டயரோட உயரமான பக்கச் சுவர்தான் வாங்கிக்குது. 17 போட்டா அந்தச் சுவர் குறைஞ்சிடும், அடி நேரா நம்ம முதுகுக்கு. பவர் ஸ்டியரிங்கும் கிடையாது. அகல டயரோட பார்க்கிங்ல திருப்பினா ஜிம்முக்கே போக வேணாம்!

சரி, புதுசா கம்பிச் சக்கரமே வாங்கலாமா? அழகுல அதை அடிச்சுக்க ஆளே இல்லை. ஆனா ஹப்புல பல் பல்லா வெட்டியிருக்கும், அதுல சக்கரத்தைச் சொருகி நடுவுல ஒரே ஒரு நட்டு. ஹப்போட பல் தேஞ்சிருந்தா புதுச் சக்கரத்தோட பல்லையும் தின்னுடும். பிரேக் பிடிக்கறப்ப 'டக்'குன்னு சத்தம் வந்தா உஷார். பல் மொத்தமா போச்சுன்னா பிரேக் ஹப்பை மட்டும் நிறுத்தும், சக்கரம் அது பாட்டுக்குச் சுத்தும். ஹைவேல நினைச்சுப் பாருங்க.

என் ஓட்டு மினிலைட் மாடல் 14 இன்ச் அலாய்க்குதான். கம்பி உடையற கவலை இல்லை, ட்யூப் தேவையில்லை. நாலு நட்டு வகைன்னா மட்டும் ஹப்பை மாத்தணும். கம்பிச் சக்கர வண்டிக்கு பின் ஆக்ஸிலே கொஞ்சம் குட்டை, அளவெடுக்காம ஆர்டர் குடுத்துடாதீங்க.