பேப்பரின் பெயர் வேறாம்!

என் தங்கை பேத்தி கோயம்புத்தூரில் பி.எஸ்சி. முதலாண்டு முடித்தவள். அப்பாவுக்கு மாற்றல் வந்ததால் புதுச்சேரிக்கே வந்துவிட்டார்கள். இங்கே ஓர் அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேர மனுப் போட்டாள். ஒன்றரை மாதம் கழித்து ஒரு வரியில் பதில்: "பாடங்கள் ஒத்துப்போகவில்லை." எந்தப் பாடம்? நேரில் போய்க் கேட்டதற்கு, அங்கே 'புள்ளியியல் முறைகள்', இங்கே 'பயன்பாட்டுப் புள்ளியியல்', பேப்பரின் பெயரே வேறு என்றார்களாம். பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எனக்கு இது புதிதல்ல. பிரெஞ்சு மீடியத்தில் படித்து பிரெவே வாங்கியவன் நான். வேலைக்கு மனுப் போட்டபோது அது எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம் என்று என்னையே எழுதி வாங்கி வரச் சொல்லி அலைய விட்டார்கள்.

ஐரோப்பிய நாடுகள் 1997-ல் லிஸ்பனில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரான்சும் அதில் உண்டு. வேறு நாட்டில் படித்ததை ஏற்க மறுக்கிற நிறுவனம்தான், பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று காட்ட வேண்டும்; காரணமும் சொல்ல வேண்டும். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லமாட்டேன், பிரெஞ்சு ஆபீஸ்களும் எனக்குத் தெரியும். ஆனால் விதி மாணவன் பக்கம் நிற்கிறது.

நம் யூ.ஜி.சி.யும் 2021-ல் கிரெடிட் வங்கி கொண்டுவந்தது. பட்டம் தரும் இடத்தில் பாதி கிரெடிட்டாவது எடுக்க வேண்டும் என்பது அதன் விதி. இவள் கொண்டுவந்தது மூன்றில் ஒரு பங்குதான். கணக்கில் பணம் இருக்கிறது, கவுண்டரில் தரமாட்டேன் என்கிறார்கள்.

தரம் கெட்டுவிடும் என்பார்கள். அப்படியானால் குறைகிற பேப்பரை மட்டும் எழுதச் சொல்லுங்களேன்! தரமெல்லாம் சாக்கு. முப்பது வருஷம் ஃபைல் தள்ளியவன் சொல்கிறேன்: 'ஒத்துப்போகவில்லை' என்று குறிப்பு எழுதினால் ஃபைல் மூடிவிடும். 'ஒத்துப்போகிறது' என்று எழுதினால் நாளை ஆடிட்டில் கேள்வி வரும், கையெழுத்துப் போட்டவன்தான் பதில் சொல்ல வேண்டும். நானும் அப்படி மூடிய ஃபைல்கள் உண்டு. அதில் யார் வீட்டுப் பிள்ளை இருந்தது என்று அன்று யோசிக்கவில்லை.

"விடுங்க தாத்தா, மறுபடி முதலாண்டே சேர்ந்துடறேன்" என்றாள் பெண். ஒரு வருஷமும் ஒரு வருஷக் கட்டணமும் போவதற்கா? தகவல் உரிமைச் சட்டத்தில் நானே மனு எழுதிக் கொடுத்தேன். எந்தப் பாடத்தில் எந்த யூனிட் குறைகிறது? ஒப்பிட்டுப் பார்த்தவர் யார்? அவர் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும். பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. இன்று பதினோராவது நாள்.