துண்டுக்கு அடியில் ஒரு விலை

பெண்களுக்குப் பேரம் பேசப் பிடிக்காதாம். பழைய கார்களுக்கு ஒரே விலை போட்டு இணையத்தில் விற்கும் நிறுவனங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். “பேரம் இல்லை, தொல்லை இல்லை, லேடீஸுக்கு ரொம்ப சௌகரியம்.” நானும் அப்படி ஒரு நிறுவனத்தில்தான் கார் வாங்கினேன். சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் பெண்களுக்குப் பேரம் பிடிக்காது என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என் அம்மா மீன்காரம்மாவிடம் பேசும் பேரத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். செவுளைத் தூக்கிப் பார்ப்பார். “நேத்து மீனு” என்று கூடையில் போட்டுவிட்டு நாலடி நடப்பார். பின்னாலிருந்து கூப்பிட்டாலும் திரும்பாமல் இன்னும் இரண்டடி. கடைசியில் கேட்ட விலைக்கு வாங்கி, மேலே இரண்டு மீன் கொசுறும் வாங்கிக்கொண்டு வருவார். பழைய பித்தளையை எடைக்குப் போடுவதிலும், தவணைக்குப் புடவை எடுப்பதிலும் அவரை யாரும் ஏய்த்ததில்லை. அதே அம்மா கார் ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் வாய்மூடி ஒரு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். பேரம் பேசத் தெரியாமல் அல்ல. இது வேறு ஆட்டம், விதிகளை யாரும் தனக்குச் சொல்லப்போவதில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

பொள்ளாச்சி போன்ற மாட்டுச் சந்தைகளில் விலை பேசும் முறை ஒன்று உண்டு. தரகரும் வாங்குபவரும் கைமேல் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்கும் யாருக்கும் தொகை தெரியாது. பக்கத்து மாட்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் வெளிச்சம். அந்தத் துண்டுக்கு அடியில் போகும் கை ஆணின் கை. வீட்டில் சாணி அள்ளி, தீவனம் வைத்து, பால் கறந்தவள் மாட்டை விற்கும் நாளில் சந்தைக்கே வருவதில்லை. கார் ஷோரூமில் குளிர்சாதனமும் காப்பி இயந்திரமும் இருக்கின்றன. துண்டும் இருக்கிறது.

நான் போனது ஒரு மாதக் கடைசி சனிக்கிழமை. விற்பனையாளர்கள் இலக்கை எட்டத் தவிக்கும் நாட்கள் என்பதால், தள்ளுபடி கேட்க அதுதான் நேரம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என்னைக் கவனிக்க ஒரு இளம்பெண்ணை அனுப்பினார்கள். “சார் பார்க்கிங்ல இருக்காங்களா மேம்?” என்று கேட்டாள். சார் இல்லை என்றேன். சன் வைசரைக் கீழே இறக்கி அதற்குள் இருந்த கண்ணாடியைக் காட்டினாள். டிக்கியில் எத்தனை பை வைக்கலாம் என்று சொன்னாள். ஏர்பேக் எத்தனை, கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு என்று நான் கேட்டதற்கெல்லாம் ‘கேட்டுச் சொல்றேன் மேம்’. தள்ளுபடி என்று வாயெடுத்ததும் கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜரிடம் போனாள். மூன்று முறை போய் வந்தாள். நான்காவது முறை ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் ஒரே ஒரு தொகை எழுதி வந்தது. தள்ளுபடிக்குப் பதில் ஃப்ளோர் மேட் இலவசம்.

எங்கள் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர் ஒருவர் அதே மாதம், அதே ஷோரூமில், அதே மாடலை எடுத்தார். அவருக்கு 31,000 ரூபாய் தள்ளுபடி. “நீங்க கேக்கலையா மேடம்?” என்றார். கேட்டேன் சார்.

விசிட்டிங் கார்டில் ஒற்றைத் தொகையாக வருவதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பிறகுதான் உட்கார்ந்து பிரித்தேன். எக்ஸ்-ஷோரூம் விலை. அரசுக்குப் போகும் ஆயுட்கால சாலை வரி. பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக். இவற்றில் வரியும் கட்டணமும் எல்லோருக்கும் ஒன்றுதான், பேரத்துக்கு இடமில்லை. மிச்சத்தில்தான் ஆட்டம். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறை. ஆனால் அதை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வெளியே எடுக்கிறேன் என்றால் “கேஷ்லெஸ் கிடைக்காது மேம்” என்று பயமுறுத்துவார்கள். பிறகு ஹேண்ட்லிங் சார்ஜ். அரசாங்கக் கட்டணப் பட்டியல் எதிலும் இது கிடையாது. பிறகு நாம் கேட்காமலே சேர்த்திருக்கும் ஆக்சஸரீஸ், எக்ஸ்டெண்டட் வாரன்டி. காரின் விலை பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் வருமான வரியாகப் பிடிப்பார்கள். அது நம் பான் எண்ணில் ஏறும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். இதை எனக்குச் சொன்னவர் ஆடிட்டர், ஷோரூம் அல்ல.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: பெண்கள் பேரம் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். மகளிர் தினத்துக்குக் கல்லூரிக்கு வரும் பயிற்சியாளர்களுக்கு இது பிடித்த பாடம். நேராக நில்லுங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்.

அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இயன் ஐரிஸ் என்ற சட்டப் பேராசிரியர் சிகாகோ பகுதியின் கார் ஷோரூம்களுக்கு வெள்ளையின ஆண், வெள்ளையினப் பெண், கறுப்பின ஆண், கறுப்பினப் பெண் என்று ஆட்களை அனுப்பினார். எல்லோருக்கும் ஒரே பயிற்சி, ஒரே பேச்சு, ஒரே பேர உத்தி. முடிவை 1991இல் ஹார்வர்டு சட்ட இதழில் வெளியிட்டார். வெள்ளையின ஆணிடம் டீலர் வைத்த லாபத்தைவிட வெள்ளையினப் பெண்ணிடம் வைத்தது 40 சதவீதம் அதிகம். கறுப்பின ஆணிடம் இரண்டு மடங்குக்கு மேல், கறுப்பினப் பெண்ணிடம் மூன்று மடங்குக்கு மேல். பேச்சு ஒன்றுதான், பேசிய உடல்தான் வேறு. இதற்கு மேல் எந்தப் பயிற்சியாளர் வந்து எனக்கு எப்படி நிற்பது என்று சொல்லிக்கொடுப்பார்?

அந்த ஆய்வில் என்னை அதிகம் தைத்தது இன்னொன்று. வந்தவர்களை அவரவர் இனத்தையும் பாலையும் சேர்ந்த விற்பனையாளரிடமே தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்த விற்பனையாளர்கள் கொடுத்த விலை இன்னும் மோசம். எனக்கு அனுப்பப்பட்ட அந்த இளம்பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு விலையைக் குறைக்கும் அதிகாரம் ஒரு ரூபாய் அளவுக்குக்கூடக் கிடையாது. கண்ணாடி அறைக்கும் எனக்கும் நடுவே செருப்புத் தேய நடப்பதுதான் அவள் வேலை. அவள்மீது எனக்குக் கோபம் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மேனேஜர்மீது வரவில்லை. அவரைத்தான் நான் பார்க்கவே இல்லையே.

இங்கேதான் அந்தச் ‘சேவை’ வருகிறது. அமெரிக்காவில் ஆட்டோபைடெல் போன்ற இணையச் சேவைகள் 1995 வாக்கில் தொடங்கின. என்ன கார் வேண்டும் என்று பதிந்தால் டீலரே விலை சொல்லி வருவார். அப்படி வாங்கிய சிறுபான்மை இனத்தவர் கிட்டத்தட்ட வெள்ளையினத்தவர் கொடுத்த விலையையே கொடுத்தார்கள் என்று ஃபியோனா ஸ்காட் மார்ட்டனும் மற்ற இருவரும் 2003இல் எழுதினார்கள். முகம் தெரியவில்லை, விலை சமமாகிவிட்டது. நல்ல செய்திதான். முகத்தை மறைத்தால்தான் நியாயம் கிடைக்கும் என்பதை எத்தனை நாள் நல்ல செய்தியாக வைத்திருப்பது என்பதுதான் கேள்வி.

உண்மையில் நம் பெண்களிடம் கார் வாங்கும் சேவை எப்போதும் இருந்திருக்கிறது. அதற்கு அண்ணன் என்று பெயர், மச்சான் என்று பெயர். நான் முதலில் ஸ்கூட்டர் வாங்கியபோது அண்ணன் வந்தார். 1,500 ரூபாய் குறைத்தார், ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தார். பணம் என்னுடையது, ஆர்.சி. புத்தகம் என் பெயரில். ஆனால் எல்லா விசேஷத்திலும் அது ‘நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்த வண்டி’. ஒரு நாள் கவியரங்கம் முடிந்து இரவு பத்தரைக்கு வீடு திரும்பியபோது வாசலிலேயே கேட்டார்: “இதுக்குத்தான் வண்டி வாங்கிக் கொடுத்தேனா?” தரகு வாங்காத தரகர் இல்லை. அண்ணனுடைய தரகு 1,500 ரூபாயைவிடப் பெரியது, இன்னும் முழுதாகக் கட்டி முடியவில்லை.

ஆகவே இந்த முறை நிறுவனத்திடம் போனேன். மூன்று வருடம் ஓடிய கார், திரையில் ஒரே விலை, யார் கேட்டாலும் அதே விலை. “நீ ஓடி வந்துட்ட” என்றாள் ஒரு தோழி. இருக்கட்டும். துண்டுக்கு அடியில் கையை விட மறுப்பது கோழைத்தனம் என்று எனக்குப் படவில்லை. அகநானூற்றில் உப்பு விற்கும் உமணர் மகள் ஒருத்தி வருகிறாள். நெல்லும் உப்பும் சரிக்குச் சரி என்று தெருவில் கூவி விலை சொல்கிறாள். ஊருக்கே கேட்கும் விலை. வகுப்பில் நாங்கள் தலைவனின் காதல் நோயைப் பற்றியே பேசி மணி அடித்துவிடும், அவளுடைய விலையைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் இந்த நிறுவனங்களுக்கு நன்றி சொல்லவும் நான் தயாராக இல்லை. ஒரே விலை என்பது குறைந்த விலை அல்ல. அவர்கள் லாபம் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. வாங்குபவரோடு பேரம் இல்லை, சரி. விற்பவரோடு? காரைப் பரிசோதிக்க வரும் பையன் ஒவ்வொரு கீறலையும் படம் எடுக்க எடுக்க விலை இறங்குகிறது. ஆர்.சி.யில் எனக்கு முந்தைய உரிமையாளராக இருந்தது ஒரு பெண்ணின் பெயர். அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தத் துண்டு அவர் கைமேல் விழுந்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சங்கடமாக இருந்தாலும். கண்ணாடி அறையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத நான், மறுநாள் காலை கீரைக்காரப் பாட்டியிடம் கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னேன். பழக்கம், வாயில் வந்துவிட்டது. பாட்டி குறைத்தும் விட்டார்.

சென்ற மாதம் எங்கள் துறையின் இளைய விரிவுரையாளர் புதுக் கார் எடுக்கக் கூட வரச் சொன்னார். அண்ணன் வேலைக்கு நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். வேறு இரண்டு ஊர்களின் கொட்டேஷனும், வெளியே விசாரித்த இன்சூரன்ஸ் தொகையும் அவர் பையில் இருந்தன. பேசியது முழுக்க அவர்தான். விசிட்டிங் கார்டு வந்தது. இதில் வேண்டாம், ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்து, முத்திரை வைத்துத் தாருங்கள் என்றார். “அப்படி வழக்கம் இல்லையே மேம்.” காத்திருக்கிறோம் என்றார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்த தாளில் ஹேண்ட்லிங் சார்ஜ் என்ற வரியே இல்லை. ஆக்சஸரீஸ் இருந்தது. அதை அடித்துவிட்டு மறுபடி அச்செடுக்கச் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.