விருந்தும் மருந்தும் விண்டோஸும்

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று நம் பெரியவர்கள் சொன்னது மைக்ரோசாஃப்ட்காரர்கள் காதில் எப்படியோ விழுந்திருக்கிறது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரிடம் 'தினம் ராத்திரி 11 மணிக்கு இந்த வேலையைச் செய்' என்று சொல்லி வைத்தால், வேலை நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தாலும் 72 மணி நேரம் பொறுத்துக்கொள்ளும். அப்புறம்தான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். நாமாக மாற்றாதவரை இதுதான் சட்டம்.

இந்த உபசாரத்தில் மாட்டியவன் என் அக்கா மகன். அய்யலூரில் ஒரு தக்காளி கமிஷன் கடையில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிறான். ராத்திரியானால் கணக்கை இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட். திங்கட்கிழமை மத்தியானம் சும்மா இருக்காமல் அதில் ஏதோ 'திருத்தம்' செய்திருக்கிறான். அன்று ராத்திரி அது, 'இதே பெயரில் ஃபைல் இருக்கிறதே, அழித்து எழுதட்டுமா?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. பூட்டின கடையில் யார் பதில் சொல்வது? பல்லியா?

செவ்வாய் ராத்திரி, பழைய வேலையே முடியாததால் புதியது ஆரம்பிக்கவில்லை. அதுவும் ஷெட்யூலரின் வழக்கம்தான். புதனும் அதே கதை. வியாழன் காலை, ஊரே ஆட்டுச் சந்தைக்குத் திரண்டிருக்க, கடை வாசலில் பாக்கி வாங்க விவசாயிகள். ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டது!

"மாமா, மூணு நாள் கணக்கைக் காணோம். முதலாளி என் மூஞ்சியையே பார்க்கிறாரு!"

"அந்தக் காப்பி வேலை சாதாரணமா எவ்வளவு நேரம் ஓடும் மாப்ள?"

"எட்டு நிமிஷம்."

"அப்ப அரை மணி கெடு வை."

பவர்ஷெல்லில் மூன்றே வரி. 'கெட்-ஷெட்யூல்டுடாஸ்க்' போட்டு அந்த வேலையைக் கையில் எடுக்க வேண்டியது. அதன் செட்டிங்ஸில் 'எக்ஸிக்யூஷன்டைம்லிமிட்' என்ற இடத்தில் 'பிடி30எம்' என்று எழுத வேண்டியது. 'செட்-ஷெட்யூல்டுடாஸ்க்' போட்டுத் திருப்பி வைக்க வேண்டியது. 30எம் என்றால் 30 நிமிஷம். இரண்டு மணி வேண்டுமென்றால் 'பிடி2எச்'. 'பிடி0எஸ்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பூஜ்யம் என்றால் 'உடனே நிறுத்து' என்று அர்த்தமில்லை, 'கெடுவே கிடையாது' என்று அர்த்தம்!

கெடு வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. ஸ்கிரிப்ட் மறுநாளும் அதே கேள்வியைக் கேட்டு மாட்டிக்கொள்ளும். ஆனால் 'பாதியில் நிறுத்தப்பட்டது' என்று பதிவாகியிருக்கும். தினம் காலையில் அதை ஒரு பார்வை பார்த்திருந்தால் செவ்வாய்க்கிழமையே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அய்யலூரில் அன்று காப்பாற்றியது கம்ப்யூட்டர் இல்லை. விவசாயிகள் மடியிலிருந்து எடுத்து நீட்டிய துண்டுச் சீட்டுகள். சாயங்காலத்துக்குள் கணக்கு நேரானது. சீட்டைத் தொலைத்த ஒரு பெரியவர் மட்டும் வாயாலேயே தொகையைச் சொன்னார். முதலாளி மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தார்.

மறுநாள் தக்காளிக் கூடைக்கடியில் நசுங்கின கார்பன் காப்பி ஒன்று கிடைத்தது. பெரியவர் ஐம்பது ரூபாய் குறைத்துச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஐம்பதை மாப்பிள்ளை தன் பையிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தானாம். திருத்தம் செய்தவன் அவன்தானே!