ஸ்வே பார்: தடித்த கம்பியும் தடித்த நம்பிக்கையும்

சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, உதாரணத்துக்கு 1989-ல் மாஸ்டா கொண்டுவந்த எம்எக்ஸ்-5 மாதிரி ஒன்றை, அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஒரு இளைஞர் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறார். கையில் கொஞ்சம் காசு மிஞ்சுகிறது. காரை நன்றாக ஓட வைக்க என்ன செய்யலாம் என்று நாலு பேரிடம் கேட்கிறார். நாலில் மூன்று பேர் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "முதல்ல தடிமனான ஸ்வே பார் போடு, வளைவுல கார் தண்டவாளத்துல போற மாதிரி போகும்." விற்கிறவர் இன்னும் ஒரு படி மேலே போய் "ஹேண்டிலிங் அப்கிரேடு" என்று பெட்டியின் மேலேயே அச்சடித்து வைத்திருப்பார். அந்த 'அப்கிரேடு' என்ற வார்த்தையில்தான் வில்லங்கம்.

முதலில் இந்தக் கம்பி என்ன என்று பார்த்துவிடலாம். ஆன்ட்டி-ரோல் பார், ஸ்வே பார், ஸ்டெபிலைசர் பார் எல்லாம் ஒன்றுதான். இடது சக்கரத்தின் சஸ்பென்ஷனையும் வலது சக்கரத்தின் சஸ்பென்ஷனையும் இணைக்கும், 'ப' வடிவில் வளைத்த ஒரு எஃகுக் கம்பி. வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது ஒரு சக்கரம் உடலை நோக்கி ஏறும், மற்றது இறங்கும். அப்போது கம்பி முறுக்கிக்கொள்ளும், முறுக்கை எதிர்த்துத் திமிறும், சாய்வு குறையும். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் வேகத்தடையில் ஏறினால் கம்பி சும்மா சுழன்று கொடுக்கும், எந்த வேலையும் செய்யாது. புத்திசாலித்தனமான சாமான், சந்தேகமில்லை. புதிதும் இல்லை. கனடாவின் ஃபிரெடெரிக்டன் ஊர்க்காரர் ஸ்டீபன் கோல்மன் 1919-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 19 மி.மீ. கம்பியை எடுத்துவிட்டு அதே வடிவில் 22 மி.மீ. கம்பி போட்டால், வெறும் 3 மி.மீ.தானே என்று தோன்றும். விறைப்பு கிட்டத்தட்ட 80 சதவீதம் கூடிவிடும். ஆகவே மாற்றியதும் ஓட்டுநருக்கு வித்தியாசம் தெரியும், நிச்சயமாகத் தெரியும். கார் சாயாது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் சட்டென்று திரும்பும். வாங்கியவர் முகத்தில் சிரிப்பு. வித்தியாசம் தெரிந்தது என்பதும் கார் முன்னேறியது என்பதும் ஒன்றா என்பதுதான் கேள்வி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காரின் எடை 1000 கிலோ. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடைவெளி 140 செ.மீ. புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையோடு வளைவில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு இடம் மாறும் பாரம் 1000 x 45 / 140, அதாவது ஏறத்தாழ 320 கிலோ. இந்தச் சூத்திரத்தில் ஸ்வே பார் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை! எடை, உயரம், அகலம், வளைவின் வேகம், அவ்வளவுதான். உடல் சாய்வதால் ஈர்ப்பு மையம் கொஞ்சம் நகரும், உண்மைதான். இந்த மாதிரி தாழ்வான காரில் அது சில்லறைக் கணக்கு. "பார் போட்டால் வெயிட் டிரான்ஸ்ஃபர் குறையும்" என்று சொல்லி விற்பவர்கள் ஒன்று பாடம் படிக்காதவர்கள், இல்லை படித்தும் மறைப்பவர்கள்.

அப்படியானால் கம்பி என்னதான் செய்கிறது? அந்த 320 கிலோவில் முன் ஜோடிச் சக்கரங்கள் எவ்வளவு சுமக்க வேண்டும், பின் ஜோடி எவ்வளவு சுமக்க வேண்டும் என்ற பங்கீட்டை மாற்றுகிறது. இங்கேதான் டயரின் குணம் உள்ளே வருகிறது. டயரின் மேல் பாரம் இரட்டிப்பானால் அதன் பிடிப்பு இரட்டிப்பாகாது; அதைவிடக் குறைவாகத்தான் ஏறும். எனவே தலா 250 கிலோ சுமக்கும் இரண்டு டயர்கள் சேர்ந்து தரும் பிடிப்பு, ஒன்று 400, மற்றது 100 என்று சுமக்கும்போது கிடைக்காது. முன்னால் தடித்த பார் போட்டால் முன் ஜோடிக்குள் ஏற்றத்தாழ்வு கூடும், முன்பக்கப் பிடிப்பு குறையும், பின்பக்கம் அந்த அளவு நிம்மதியாகும். பின்னால் போட்டால் அப்படியே தலைகீழ். பற்று வரவுக் கணக்கு மாதிரி, ஒரு பக்கம் எழுதினால் இன்னொரு பக்கமும் எழுதியே ஆக வேண்டும். விளம்பரத்தில் வரவுப் பக்கத்தை மட்டும் காட்டுகிறார்கள். :-)

நம்பிக்கை வராதவர்கள் செவ்ரோலே கோர்வேர் கதையைப் பார்க்கட்டும். பின்பக்கம் எஞ்சின், பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது சக்கரம் மேலும் கீழும் போகும்போது அதன் சாய்வுக் கோணமும் தாறுமாறாக மாறும் அமைப்பு. 1960-ல் விற்பனைக்கு வந்தபோது முன்னால் ஆன்ட்டி-ரோல் பார் கிடையாது. பின்பக்கம் வழுக்குவதைத் தடுக்க கம்பெனி நம்பியது டயர் காற்றழுத்தத்தை: முன்னால் 15 பி.எஸ்.ஐ., பின்னால் 26. பெட்ரோல் பங்கில் நாலு டயருக்கும் ஒரே அளவு காற்றடித்துவிட்டால் போச்சு! 1964 மாடலில்தான் முன்பக்க பாரை எல்லாக் கார்களிலும் பொருத்தினார்கள். பின்பக்கம் குறுக்குவாட்டில் ஒரு லீஃப் ஸ்பிரிங்கும் சேர்த்தார்கள். ரால்ஃப் நேடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' புத்தகம் 1965-ல் வெளிவந்து பழைய மாடலைக் கிழித்துத் தொங்கவிட்டது. 1972-ல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, அந்தப் பழைய மாடல் சமகாலக் கார்களைவிட மோசமில்லை என்று சொன்னது. அந்தச் சண்டை இருக்கட்டும். 1964-ல் அந்த பார் என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். பாரத்தில் கூடுதல் பங்கை முன் டயர்கள் மேல் தள்ளி, முன்பக்கப் பிடிப்பைக் குறைத்து, பின்பக்கத்தைக் காப்பாற்றியது. அதுதான் அதன் வேலை. கார் பாதுகாப்பானது, ஏனென்றால் அதன் நோய் பின்பக்கத்தில் இருந்தது. அதே மருந்தை முன்பக்கம் ஏற்கெனவே வழுக்கும் காருக்குக் கொடுத்தால்?

"ரேஸ்காரன் எல்லாம் போடுகிறானே" என்பார்கள். போடுகிறான்தான். ஆனால் பல ரேஸ் கார்களில் அந்த பார் அட்ஜஸ்ட் செய்யும் விதமாக இருக்கும். சிலவற்றில் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தபடியே லீவரால் மாற்றுவார். மழை வந்தால் தளர்த்துவதும் உண்டு, ஒரு பக்கத்தைக் கழற்றியே விடுவதும் உண்டு. தடிமன் கூடக் கூட நல்லது என்றால் தளர்த்துவதற்கு லீவர் எதற்கு?

அமெரிக்காவின் ஆட்டோகிராஸ் போட்டிக்காரர்களிடமிருந்துதான் இந்த மோகத்தில் பாதி பரவியது. அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எஸ்சிசிஏ அமைப்பு நடத்தும் அந்தப் போட்டிகளில், காரை அதிகம் மாற்றக் கூடாத பிரிவில் ஸ்பிரிங்கைத் தொட முடியாது. ஆன்ட்டி-ரோல் பார் ஒன்றை மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. ஸ்பிரிங்கால் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்து அந்த ஒற்றைக் கம்பியின் தலையில் கட்டுகிறார்கள், வேறு வழியில்லாததால்! மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே, சூடேறும் ஒட்டு டயரில் ஒரு நிமிடம் ஓட்டுகிறவருக்கு அது பொருந்தும். எந்த விதியும் கட்டாத, குண்டும் குழியுமான ரோட்டில் ஆபீஸ் போகிறவர் ஏன் அவருடைய கைவிலங்கைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும்?

எதிர்த்தரப்பிடமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது சரியில்லை. முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில், உடல் சாயச் சாய வெளிப்பக்க டயரும் வெளியே சாய்ந்து அதன் ஓரம் மட்டும் ரோட்டைத் தொடும். அங்கே முன் பாரைத் தடிமனாக்கினால் டயர் நிமிர்ந்து நின்று, பாரப் பங்கீட்டில் இழந்ததைவிட அதிகப் பிடிப்பு திரும்பக் கிடைக்கலாம். எம்எக்ஸ்-5-ல் இருப்பது டபுள் விஷ்போன். அந்த லாபம் அங்கே குறைவு. முன்பக்கம் மட்டும் வழுக்கும் காருக்குப் பின் பாரை அளவாக ஏற்றினால் சமநிலை வரும், அதுவும் உண்மை. ஆனால் இவையெல்லாம் "இந்தக் காருக்கு, இந்தக் குறைக்கு" என்று ஆள் பார்த்துக் கொடுக்கும் மருந்து. டானிக் மாதிரி எல்லோருக்கும் ஒரு மூடி ஊற்றுவதற்கு இல்லை.

இதில் பணம் மட்டும் போனால் கூடப் பரவாயில்லை. கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் வேண்டுமென்றேதான் முன்பக்கம் முதலில் வழுக்கும்படி வைக்கிறார்கள். பயந்துபோன சாதாரண ஓட்டுநர் வளைவின் நடுவில் என்ன செய்வார்? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். எடுத்தால் பாரம் முன்னே வரும், பின் சக்கரங்கள் லேசாகும். முன்பக்கம் வழுக்கிக்கொண்டிருந்த கார் அப்போது தானாக வளைவுக்குத் திரும்பும். பின்னால் தடித்த பார் போட்ட காரில் அதே காலை எடுத்தால், பின்பக்கம் எகிறிச் சுழலும். காய்ந்த ரோட்டில் ஆறு மாதம் ஒன்றும் ஆகாது, "என்னமா திரும்புது பார்" என்றுதான் இருக்கும். முதல் மழையில், பாதி தேய்ந்த டயரில்தான் அந்தக் கணக்கு வசூலாகும். சாய்வு என்பது காருக்கு ஓட்டுநரோடு பேசும் பாஷையும்கூட. எல்லை நெருங்குகிறது என்று உடம்புக்கு முன்கூட்டியே சொல்லும். அதை அடைத்துவிட்டு, நேராக நிற்கிறதே என்று வேகத்தைக் கூட்டுகிறார்கள்.

மேடு பள்ளத்திலும் இதே கதைதான். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் தடித்த கம்பி அந்த அதிர்ச்சியை அடுத்த சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். சுதந்திரமாக இயங்க வேண்டும் என்று பாடுபட்டுச் செய்த சஸ்பென்ஷனை மறுபடி ஒன்றோடொன்று கட்டிப்போடுவதுதான் இது. அதனால்தானோ என்னவோ, ஹேண்டிலிங்குக்குப் பேர் போன லோட்டஸ் எலீஸில் பின்பக்கம் பாரே வைக்கவில்லை. முன்னால் மட்டும் ஒன்று. 2011-ல் வந்த மெக்லாரன் எம்பி4-12சி இன்னும் ஒரு படி தாண்டி, வழக்கமான பாரையே தூக்கிவிட்டு ஹைட்ராலிக் முறையில் சாய்வைக் கட்டுப்படுத்தியது.

கையில் இருக்கும் அதே காசுக்கு நல்ல டயர் இரண்டு வாங்கலாம். தேய்ந்த ஷாக் அப்சார்பரை மாற்றலாம். நல்ல ஆளிடம் வீல் அலைன்மென்ட் செய்யலாம். டயர் மாற்றினால் நாலு மூலையிலும் பிடிப்பு ஏறும், யாரிடமிருந்தும் பிடுங்காமல். ஆனால் டயர் கறுப்பாக இருக்கும். ஸ்வே பார் பளிச்சென்ற சிவப்பு பெயின்ட்டில் வரும், நண்பனைக் கீழே குனியவைத்துக் காட்டலாம். பலர் புது டயர், புது அலைன்மென்ட், புது பார் மூன்றையும் ஒரே சனிக்கிழமையில் மாட்டிவிட்டுப் புகழை எல்லாம் பாருக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்த முறை யாராவது "பார் மாத்தினேன், கார் பிச்சிக்கிட்டுப் போகுது" என்றால் ஸ்டாப்வாட்ச் நேரத்தைக் கேளுங்கள். அதே டயர், அதே ஓட்டுநர், அதே நாள், பழைய பாரில் பத்து சுற்று, புது பாரில் பத்து சுற்று. முடிந்தால் தரையில் தண்ணீர் ஊற்றியும் ஒரு பத்து.