நடவடிக்கை: அனைத்து ஆசிரியர்களும்



பள்ளி ஆண்டு தொடங்கிவிட்டால் கூட்டங்களும் தொடங்கிவிடும். ஆசிரியர் கூட்டம், கலைத்திட்டக் கூட்டம், மாணவர் நலக் கூட்டம், புறப்பாட நடவடிக்கைக் கூட்டம், ஒவ்வொரு பாடத்திற்கும் பாடக்குழுக் கூட்டம், இவற்றுக்கு மேல் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவை, பள்ளி வாரியம், விளையாட்டுப் போட்டிக்கென்று ஒன்று, பொங்கல் விழாவுக்கென்று ஒன்று. 150க்கும் குறைவான மாணவர்கள் பயிலும் பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. அத்தகைய பள்ளிகளில் ஆசிரியர் எண்ணிக்கையும் குறைவே. திங்கட்கிழமை தமிழ்மொழிப் பாடக்குழுவாகக் கூடிய அதே எண்மர் புதன்கிழமை கணிதப் பாடக்குழுவாகக் கூடுவர். நாற்காலி மாறாது, மேசைமேல் உள்ள முறுக்குத் தட்டும் மாறாது. கோப்பின் நிறம் மட்டும் மாறும்.

கூட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது நம் கையில் இல்லை. சுற்றறிக்கை வருகிறது, கூடுகிறோம். ஆனால் கூடியபின் அந்த ஒன்றரை மணி நேரம் எப்படிக் கழிகிறது என்பது முழுக்க நம் பொறுப்பே. கூட்டம் நடத்துவது ஒரு தனித்திறன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் முப்பது பிள்ளைகளைப் பேசவைப்பது எப்படி என்று நமக்குக் கற்பித்தார்கள். எட்டுப் பெரியவர்களைப் பேசவைப்பது எப்படி என்று எவரும் கற்பிக்கவில்லை.

பள்ளிக் கூட்டக் குறிப்புகளை நாம் பெரும்பாலும் மலாய்மொழியில் எழுதுகிறோம். அவற்றுக்கென ஓர் அமைப்பு உண்டு. தலைவர் உரை, முந்தைய குறிப்பை உறுதிப்படுத்துதல், அதிலிருந்து எழும் விவகாரங்கள், புதிய விவகாரங்கள், பிற, நன்றியுரை. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் 'திண்டாக்கான்' என்று ஒரு சொல் நிற்கும். நடவடிக்கை என்று பொருள். அதன் அருகில் அப்பணியைச் செய்யவேண்டியவரின் பெயரை எழுத வேண்டும். மிக நல்ல ஏற்பாடு. அந்த இடத்தில் நாம் எழுதுவது என்ன? 'செமுவா குரு'. அனைத்து ஆசிரியர்களும். உங்கள் பள்ளியின் கோப்பைத் திறந்து, ஒரு கூட்டத்தின் குறிப்பில் அச்சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அனைவருக்கும் உரிய வேலை எவருடைய நாட்குறிப்பிலும் ஏறுவதில்லை.

நான் முன்னர்ப் பணியாற்றிய ஒரு பள்ளியில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் ஆறு பிள்ளைகளுக்கு உயிர்மெய் எழுத்துகளே தடுமாற்றமாக இருந்தன. ஆசிரியர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அவ்விவகாரம் பத்தாவது இடத்தில் இருந்தது. நான்காவது இடத்தில் விளையாட்டுப் போட்டிக்கான சட்டையின் நிறம். அதற்கு நாற்பது நிமிடம் ஆனது. மஞ்சள் விரைவில் அழுக்காகும் என்றார் ஒருவர். நீலம் சென்ற ஆண்டே எடுத்தாயிற்று என்றார் மற்றொருவர். கழுத்துப்பட்டி வைப்பதா வேண்டாமா என்பதிலும் இரு அணிகள் உருவாயின. பத்தாவது விவகாரம் வந்தபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. பிள்ளைகளைப் பராமரிப்பு இல்லத்திலிருந்து அழைத்துவர வேண்டிய ஆசிரியைகள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டனர். "வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள்மீது கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். நடவடிக்கை: அனைத்து ஆசிரியர்களும்." மூன்று நிமிடத்தில் முடிந்தது. அடுத்த கூட்டத்தில் 'எழும் விவகாரங்கள்' என்ற தலைப்பின்கீழ் அதே வரி மீண்டும் வந்தது. அதற்கடுத்த கூட்டத்திலும் வந்தது. அதற்குள் அப்பிள்ளைகள் அரையாண்டைக் கடந்துவிட்டனர்.

சிறிய விவகாரம் ஏன் பெரிய நேரத்தை விழுங்குகிறது என்பதை விளக்கியவர் நம் மண்ணில் பணியாற்றியவர்தாம். நார்த்கோட் பார்க்கின்சன் என்னும் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் 1950 முதல் 1958 வரை, அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். 1957இல் நூலாக வெளிவந்த அவருடைய 'பார்க்கின்சன் விதி' நகைச்சுவையாகவே எழுதப்பட்டது. அதில் ஒரு நிதிக்குழு கூடுகிறது. அணு உலை கட்டும் பெருந்திட்டம் சில நிமிடங்களில் நிறைவேறிவிடுகிறது. அது எவருக்கும் விளங்கவில்லை. மிதிவண்டிக் கொட்டகைக்கு நெடுநேரம் விவாதம் நடக்கிறது. கொட்டகை எல்லாருக்கும் தெரியும். கூட்டத்துக்கான சிற்றுண்டிச் செலவுக்கு அதைவிடவும் நெடுநேரம்.

பார்க்கின்சன் சொன்னதோடு நம் பள்ளிகளுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது என்பது என் எண்ணம். வாசிக்கத் தெரியாத ஆறு பிள்ளைகளைப் பற்றிப் பேசினால், அவர்களுக்குச் சென்ற ஆண்டு கற்பித்தவரும் இவ்வாண்டு கற்பிப்பவரும் அதே மேசையில் அமர்ந்திருக்கிறார்கள். யார் மனத்தையாவது புண்படுத்திவிடுவோமோ என்னும் தயக்கம். சட்டையின் நிறத்தால் யாருக்கும் புண் இல்லை. ஆகவே அதைப் பற்றியே பேசுகிறோம்.

அப்பள்ளியின் இரண்டாம் அரையாண்டில், புதிதாக மாற்றலாகி வந்த கலைத்திட்டத் துணைத் தலைமையாசிரியை கூட்டங்களை நடத்தத் தொடங்கினார். அவர் செய்தவை மிக எளியவை. அறிவிப்புகள் அனைத்தையும் ஒரே தாளில் தொகுத்து இரண்டு நாள் முன்னதாகவே புலனக் குழுவில் அனுப்பிவிட்டார். படிவத்தை எந்நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று சொல்வதற்குக் கூட்டம் எதற்கு? சட்டையை மூவர் கொண்ட குழுவிடம் விட்டார். வாசிப்பு விவகாரத்தை முதலிடத்திற்குக் கொண்டுவந்தார். 'குறைநீக்கல்' என்ற ஒற்றைச் சொல்லாக இருந்த தலைப்பை ஒரு வினாவாக மாற்றினார்: இந்த அறுவருக்கும் நாள்தோறும் அரை மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? இவ்வினா கடந்த காலத்தைத் தோண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். யார் தவறு என்ற பேச்சுக்கு அதில் இடமே இல்லை.

பிறகு எல்லாரிடமும் ஒரு சிறு தாளைக் கொடுத்து, "இரண்டு நிமிடம் எவரும் பேச வேண்டாம், எழுதுங்கள்" என்றார். எழுதியபின் பணியில் இளையவரை முதலில் வாசிக்கச் சொன்னார். அவர் பணியில் சேர்ந்து மூன்று மாதமே ஆன தற்காலிக ஆசிரியை. அதுவரை எந்தக் கூட்டத்திலும் அவர் வாய் திறந்து நான் கண்டதில்லை. "டீச்சர், இந்த ஆறு பேரில் நாலு பேர் முதல் வேனில் வராங்க. ஆறே முக்காலுக்கே வந்துடுறாங்க. மணி அடிக்கிற வரைக்கும் சிற்றுண்டிச்சாலையில சும்மாதான் உட்கார்ந்திருக்காங்க" என்றார்.

காலைக் கடமைக்கு வருபவர் அவர் என்பதால் அவருக்கு மட்டுமே தெரிந்திருந்த செய்தி அது. இருபது ஆண்டு அனுபவம் உடைய எங்களில் எவருக்கும் தெரியாது. அதன்பின் விவாதம் உண்மையான விவாதமாக நடந்தது. முன்கூட்டியே வர இயலாதவர் இயலாது என்று வெளிப்படையாகச் சொன்னார். மற்ற இரு பிள்ளைகளின் பெற்றோரிடம் யார் பேசுவது என்ற கேள்வியும் எழுந்தது. துணைத் தலைமையாசிரியை அடுத்த விவகாரத்துக்குச் செல்லும் முன் முடிவை ஒரே வாக்கியத்தில் உரக்கச் சொல்லி, "இதுதானே நம் முடிவு?" என்று கேட்டார். திங்கள், புதன் இன்னார். செவ்வாய், வியாழன் இன்னார். அடுத்த திங்களே தொடக்கம். நான்கு வாரம் கழித்து வாசிப்புச் சோதனை, அதைச் செய்பவர் இன்னார். குறிப்பில் பெயர்கள் ஏறின. 

ஆண்டிறுதிக்குள் நால்வர் சிறு பத்திகளை வாசித்தனர். ஐந்தாமவனுக்குக் கண்பார்வைக் குறை இருந்தது அந்தக் காலை வகுப்பில்தான் தெரியவந்தது. கண்ணாடி போட்டபின் அவனும் தேறத் தொடங்கினான். ஆறாவது பிள்ளை தொடர்ந்து போராடினாள். எல்லாம் கூட்டத்தால் விளைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் வந்து கற்பித்தவர்களின் உழைப்பு அது. ஆனால் அந்த உழைப்புக்கு வழி திறந்தது அந்த இருபத்தைந்து நிமிடம்.

இளையவரை முதலில் பேசவைப்பது மூத்தோருக்கு மரியாதைக் குறைவு என்று சில நண்பர்கள் என்னிடம் வருந்தியதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. மூத்தவர் முதலில் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால், நம் பண்பாட்டில் அதற்கு மாறாக இளையவர் பேசமாட்டார். "ஐயா சொன்னதுதான் என் கருத்தும்" என்பார். அத்துடன் அவர் அறிந்த செய்தி அவரோடு வீட்டுக்குப் போய்விடும். கடைசியாகப் பேசுபவர் எல்லாவற்றையும் கேட்டபின் பேசுகிறார். அவ்விடமே மூத்தோருக்கு உரியது. கூட்டத்தை நடத்துபவருக்கு இது இன்னும் பொருந்தும். தலைமையாசிரியர் தம் விருப்பத்தைத் தலைவர் உரையிலேயே அறிவித்துவிட்டு, "உங்கள் கருத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள்" என்றால் என்ன கிடைக்கும்? தலையசைப்புதான் கிடைக்கும்.

திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். பேச்சுப் போட்டிக்கு மாணவர்களைப் பழக்கும்போது இவ்விரண்டையும் எடுத்துக்கொள்கிறோம். அவற்றுக்கு முன்னே நிற்கும் 71ஆம் அதிகாரம் குறிப்பறிதல், பிறர் சொல்லாததை முகத்தில் படித்தல். அவையில் பேசும் திறனுக்கு முன்னே இது வைக்கப்பட்டிருப்பதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை. கூட்டத்தை நடத்துபவர் தாளைப் பார்ப்பதைக் காட்டிலும் முகங்களைப் பார்க்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பவர் யார், எதிரில் இருப்பவரைப் பார்த்துக் கண்ணால் சிரிப்பவர் யார், பேனாவைத் திறந்து மூடுபவர் யார் என்று பார்த்தால், அடுத்து யாரை அழைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். நீட்டிப் பேசுபவரை நிறுத்தவும் இதே நுண்மை வேண்டும். "அண்ணன் சொன்னதில் முதன்மையானது இது என்று எழுதிக்கொள்ளலாமா?" என்று அவர் கருத்தை ஒரு வரியில் சுருக்கிக் கேட்டால், பெரும்பாலோர் மகிழ்ந்து அமர்ந்துவிடுவர். சிலர் அமரமாட்டார்கள். அவர்களுக்குச் சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறு மருந்து நான் அறியேன்.

இனிப் பெற்றோர்களைப் பற்றி. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற்குப் பின் ஆசிரியர் அறையில் தவறாமல் கேட்கும் சொற்றொடர், "பெற்றோர் வாயே திறப்பதில்லை" என்பது. கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மண்டபத்தில் வரிசையாக நாற்காலிகள். மேடையில் முக்கியப் பிரமுகர்கள். வரவேற்புரை, தலைவர் உரை, தலைமையாசிரியர் உரை, சிறப்பு விருந்தினர் உரை. இரவு வேலை முடித்து நேரே வந்த தந்தை கொட்டாவியை அடக்குகிறார். கைக்குழந்தையோடு வந்த தாய் கடைசி வரிசையில் கதவருகே நிற்கிறார். பதினொன்றரை மணிக்கு ஒலிபெருக்கியில், "கேள்வி ஏதும் உண்டா? இல்லையென்றால் அடுத்த அங்கம்." 

மேரி பட் ரோவ் என்னும் அமெரிக்கக் கல்வியாளர், ஆசிரியர்கள் வினா தொடுத்தபின் மாணவர் விடைக்காக ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்பதை 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று விநாடிக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன. அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினர். வகுப்பறைக்கு இதை நாம் அறிவோம். மண்டபத்தில் மறந்துவிடுகிறோம்.

கணக்கறிக்கை இன்னொரு சிக்கல். அதைக் கூட்ட நாளன்றுதான் கையில் கொடுப்பார்கள். படிக்க நேரமின்றி ஐயம் எழும், ஐயம் பூசலாகும், பூசலைக் கண்டு அடுத்த ஆண்டு பாதிப் பேர் வரமாட்டார்கள். உத்திரமேரூர்க் குடவோலை முறையை நாம் மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகளில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மீண்டும் தேர்வுக்கு உரியவர் ஆகார் என்ற விதி இருக்கிறது. மேடையில் பேசுபவர்கள் அந்தப் பகுதியையும் சேர்த்துப் பேசலாம்.

எங்கள் சங்கச் செயலவையின் முன் நான் மூன்று வேண்டுகோள்களை வைத்திருக்கிறேன். கணக்கறிக்கை அழைப்புக் கடிதத்தோடு ஒரு வாரம் முன்னதாகவே பிள்ளையின் பையில் வீட்டுக்குப் போக வேண்டும். உரைகள் அனைத்தும் சேர்ந்து இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதன்பின் பெற்றோர் வகுப்புவாரியாகப் பிரிந்து, தம் பிள்ளையின் வகுப்பாசிரியரோடு வட்டமாக அமர்ந்து, "இவ்வாண்டு பள்ளி மாற்ற வேண்டியது எது?" என்ற ஒரே வினாவைப் பேச வேண்டும். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு தாய் அல்லது தந்தை எழுந்து ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் சொல்லக் கூடாது. முதல் இரண்டையும் செயலவை ஏற்றுக்கொண்டது. மூன்றாவதற்கு, நாற்காலிகளை நகர்த்தினால் மண்டபம் அலங்கோலமாகிவிடும் என்றார் பொருளாளர். அடுத்த செயலவைக் கூட்டத்தில் மீண்டும் பேசுவதாக இருக்கிறோம். குறிப்பில் 'நடவடிக்கை' என்ற இடத்தில் என் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன்.