எஞ்சியோர் சுமக்கும் பளு

1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கிலிருந்த தங்கள் ஈயச் சுரங்கத்திற்கு மின்னாக்கியைக் கொண்டுவந்தனர். இந்நாட்டில் மின்சாரம் முதன்முதலாகக் கால்வைத்த ஊர் என்னும் பெருமை அதனால் ரவாங்கிற்கு வாய்த்தது. காலம் மாறியது. ஈயம் ஓய்ந்தது, ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புக்கு வழிவிட்டன, சிமெண்டு ஆலையும் பிற தொழிற்சாலைகளும் எழுந்தன. தோட்டத்துப் பாட்டாளியின் பேரன் ஆலைத் தொழிலாளி ஆனான். மனிதனின் பளுவைக் குறைக்க வந்ததே இயந்திரம். ஆயினும், ஆலையில் ஆள் குறையும் நாளில் அப்பளு எங்கே போகிறது?

ஆட்குறைப்பு என்றவுடன் வேலை இழந்தவனைப் பற்றியே ஊர் பேசுகிறது. அது நியாயமே. சட்டமும் அவனுக்காக ஓரளவு பேசுகிறது. 1980ஆம் ஆண்டின் விதிமுறைகள் அவனது பணிக்காலத்தைக் கணக்கிட்டு, ஆண்டொன்றுக்குப் பத்து முதல் இருபது நாள் சம்பளத்தை இழப்பீடாக வழங்கச் சொல்கின்றன. 2018 முதல் சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டமும் கைகொடுக்கிறது. ஆனால், ஆலைக்குள்ளேயே நின்றுவிட்டவனைப் பற்றிக் கவலைப்படுவோர் யார்? “உனக்குத்தான் வேலை இருக்கிறதே, அது போதாதா?” என்னும் ஒரே வாக்கியத்தால் அவன் வாய் அடைக்கப்படுகிறது. அவ்வாக்கியம் ஆறுதல் அன்று, அச்சுறுத்தல்!

ஓர் இயந்திரத்தின் முன் மூவர் நின்ற இடத்தில் இருவர் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். மூலப்பொருளை இடுபவன் ஒருவன், ஓட்டத்தைக் கவனிப்பவன் ஒருவன், எண்ணெயிட்டுத் துப்புரவு செய்பவன் ஒருவன் என்றிருந்த ஒழுங்கு குலைகிறது. உற்பத்தி இலக்கோ குறைவதில்லை. எனவே, ஓடும் இயந்திரத்தை நிறுத்தாமலே அதனுள் கையை விடத் துணிகிறான் தொழிலாளி. அனுபவமிக்க மூத்தவர் போய்விட்டதால், பழக்கமில்லாத பொறியின் முன் புதியவன் நிறுத்தப்படுகிறான். எட்டு மணி நேர வேலை பன்னிரண்டாக நீள்கிறது. காயம் பட்டாலும் அவன் வெளியே சொல்வதில்லை; அடுத்த பட்டியலில் தன் பெயர் ஏறிவிடுமோ என்னும் அச்சம்! மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு ஏன் முறிந்தது என்பதைத் தமிழ் படித்தோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இது வெறும் கற்பனை என்பார், போபாலை நினைத்துப் பார்க்கட்டும். விற்பனை சரிந்த யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையில் சிக்கனம் என்ற பெயரால் ஆட்கள் குறைக்கப்பட்டனர். நச்சு வேதிப்பொருளைக் கையாண்ட பிரிவில் முறைக்குப் பன்னிருவராக இருந்தோர் அறுவராயினர். இரவு முறையின் பராமரிப்பு மேற்பார்வையாளர் பதவியும் நீக்கப்பட்டது. குளிரூட்டும் கருவி நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் பழுதுபார்ப்புக்காகக் காத்துக் கிடந்தது. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் ஏறத்தாழ 40 டன் நச்சு வாயு வெளியேறியது. அரசுக் கணக்கின்படியே மாண்டோர் ஆயிரக்கணக்கினர். ஆட்குறைப்பு ஒன்றே இதற்குக் காரணம் என்பது மிகையாகும். ஆயினும், ஆபத்தைக் காணவேண்டிய கண்களையும் தடுக்கவேண்டிய கைகளையும் பாதியாக்கிய சிக்கனத்துக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

விபத்து மட்டுமன்று, நோயும் உண்டு. 1991 முதல் 1993 வரை பின்லாந்து பொருளாதார மந்தத்தில் தவித்தது. அங்கே பத்து நகரங்களில் வேலையில் நீடித்த 22,430 நகராட்சி ஊழியர்களை ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பேரளவில் ஆட்குறைப்பு நடந்த இடங்களில், இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்த மரணம் ஏனைய இடங்களைவிட இருமடங்காக இருந்தது. இம்முடிவு 2004இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்கள் வேலை இழந்தவர்கள் அல்லர், வேலை ‘தப்பியவர்கள்’!

“சிலரை நீக்காவிட்டால் ஆலையையே மூடவேண்டி வருமே, பிறகு எல்லாரும் தெருவில் நிற்பரே” என்பர் நிருவாகத்தார். நெருக்கடி உண்மையாகவே வரக்கூடும்; அதை மறுப்பதற்கில்லை. ஆனால், ஆளைக் குறைப்போர் வேலையையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டாவா? சம்பளப் பட்டியலில் மிச்சமாகும் வெள்ளி, தொழிலாளியின் விரலாகவும் உறக்கமாகவும் இதயமாகவும் செலவாகுமானால், அது சிக்கனமா? செலவை மாற்றான் கணக்கில் எழுதும் தந்திரமன்றோ!

புதிய சட்டம் தேடி அலையவும் வேண்டுவதில்லை. 1991இல் ரவாங்கிற்கு அண்மையிலுள்ள சுங்கை பூலோவில் பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் மாண்டனர். அதன் பின்னரே 1994இல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறந்தது. 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்த அதன் திருத்தம், வேலையிடத்து அபாயத்தை மதிப்பிடுவதை முதலாளியின் கடமையாக்கியுள்ளது. நாற்பது பேருக்குக் குறையாத இடங்களில் பாதுகாப்புக் குழுவும் கட்டாயம். அங்ஙனமாயின், ஆட்குறைப்புக் கடிதம் அச்சாகும் முன்பே அம்மதிப்பீடு மீண்டும் செய்யப்பட வேண்டும். எஞ்சியோர் எத்தனை பேர், எவ்வெப்பொறிக்கு யார் பொறுப்பு, அவர் பெற்ற பயிற்சி யாது என்று குழு கேட்க வேண்டும். மாதம் 104 மணி நேரம் என்னும் மிகைநேர வேலையின் உச்ச வரம்பை, போனவனின் இடத்தை நிரப்பும் வழியாகக் கொள்ளலாகாது. தொழிற்சங்கங்கள் இழப்பீட்டுத் தொகைக்கு வாதாடுவதோடு நின்றுவிடாமல், இவற்றையும் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க வேண்டும்.

இது ஆலை விவகாரம், பள்ளிக்கு இதில் என்ன வேலை என்று தமிழாசிரியர் ஒதுங்கிவிட முடியாது. இரவு முறை முடிந்து கண் சிவந்து வரும் தந்தையின் பிள்ளையே வகுப்பில் அமர்ந்திருக்கிறது. அத்தந்தை பெற்றோர் கூட்டத்திற்கு வாராமை அசட்டை அன்று; அயர்ச்சி. நாளை அதே பிள்ளை அதே இயந்திரத்தின் முன் நிற்கக்கூடும். “எனக்கு வேலை இருக்கிறது” என்ற நன்றியோடு மட்டுமன்று, “இந்த வேலையை எத்தனை பேர் செய்யவேண்டும்?” என்று கேட்கும் துணிவோடும் அது நிற்கவேண்டும். அக்கேள்வியைக் கற்பிக்காத கல்வி அரைக்கல்வியே!